சின்னப் பிள்ளைகளோடு ஒரு வாழ்நாள் தொழில்: திருகோணமலை முன்பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். அதற்கு முன் நானும் பதினோரு ஆண்டுகள் பாய் விரித்துப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தவள். வகுப்பு நடக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. தேநீர் இடைவேளையில்தான் ஒவ்வொருவராக அருகில் வருவார்கள். நிலாவெளியிலிருந்து வந்தவரும், தோப்பூரிலிருந்து வந்தவரும், வெருகலிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவரும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்தக் கேள்விகளுக்கு ஆறுதலாகப் பதில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முன்பள்ளியில் படிப்பிப்பது ஒரு தொழிலா? நல்ல வேலை கிடைக்கும்வரை செய்வதுதானே என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வீட்டில் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பெண் பிள்ளையை, "சும்மாதானே இருக்கிறாய், போய் அந்த நேர்சரியில் நில்" என்று அனுப்புவது எங்கள் ஊர்களில் பழகிப்போன ஒன்று. அப்படி வந்தவர்களில் நல்ல ஆசிரியர்கள் பலர் உருவாகியிருக்கிறார்கள். ஆனால் "நில்" என்ற அந்தச் சொல்லிலேயே பிழை இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை முன்னால் யாரும் சும்மா நிற்க முடியாது.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி என்ற ஊரில் 1962 இல் ஒரு முன்பள்ளி ஆய்வு தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அவர்களில் 58 பேருக்கு மட்டும் முன்பள்ளிக் கல்வி கிடைத்தது. இரு பகுதியினரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, முன்பள்ளிக்குப் போனவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் மேலே நின்றார்கள். இந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே படிப்பித்தவர்கள் யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பட்டம் பெற்ற, பயிற்றப்பட்ட ஆசிரியர்கள். வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்த் தாயோடு பேசினார்கள். பலனைத் தந்தது கட்டடமோ விளையாட்டுச் சாமானோ அல்ல, வேலை தெரிந்த மனிதர்கள். வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எத்தனை வருடம் வேலை செய்தால் அரச நியமனம் கிடைக்கும்?

அதிகம் கேட்கப்படுவதும், பதில் சொல்லும்போது என் நெஞ்சைக் கனக்கச் செய்வதும் இந்தக் கேள்விதான்.

இலங்கையில் அரசாங்கப் பாடசாலை முதலாம் தரத்தில்தான் தொடங்குகிறது. இலங்கை ஆசிரியர் சேவைக்கு ஆட்சேர்ப்பு நடப்பதும் அந்தப் பாடசாலைகளுக்காகவே. முன்பள்ளி அதற்கு வெளியே நிற்கிறது. 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தோடு முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு மாகாணங்களுக்குப் போனது. கிழக்கில் அதைப் பார்ப்பதற்குப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் இருக்கிறது. தேசிய மட்டத்தில் சிறுவர் செயலகம் கொள்கையையும் நியமங்களையும் வகுக்கிறது. ஆனால் முன்பள்ளியை அன்றாடம் நடத்துவது பெரும்பாலும் தனியார், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பிரதேச சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், தொண்டு நிறுவனம் ஆகியவைதான். உங்களுக்குச் சம்பளம் தருவதும் அவர்கள்தான். அரசிடமிருந்து கிடைப்பது ஒரு கொடுப்பனவு. அது நியமனம் ஆகாது.

ஆகவே, இத்தனை வருடம் இருந்தால் தானாக நிரந்தரம் ஆகும் என்று ஒரு கணக்குக் கிடையாது. தேர்தல் காலங்களில் பெயர்ப் பட்டியல் எடுப்பார்கள், படிவம் நிரப்பச் சொல்வார்கள். நிரப்புங்கள், குற்றமில்லை. ஆனால் படிவத்துக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று பதினைந்து வருடம் காத்திருந்து, அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதையும் கடந்துவிட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூடத் திறமை குறைந்தவர் அல்லர்.

முன்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒழுங்கான சேவை அமைப்பு வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். கேட்டுக்கொண்டே படியுங்கள்.

எந்தப் படிப்பில் தொடங்குவது? ஆளுக்கொரு டிப்ளோமா சொல்கிறார்கள்.

அரசு அங்கீகரித்த படிப்பா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. விளம்பரத் துண்டில் "சர்வதேச அங்கீகாரம்" என்று தங்க எழுத்தில் இருக்கும். அதை நம்பிக் காசு கட்டுவதற்கு முன், அந்த நிறுவனமும் அந்தக் கற்கைநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றவையா என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தரத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

தொழில் வழி போகிறவர்களுக்குத் தேசிய தொழில் தகைமை, எல்லோரும் சொல்கிற பெயரில் என்.வி.கியூ., நல்ல தொடக்கம். அதில் ஏழு மட்டங்கள் உண்டு. முன்பள்ளி ஆசிரியருக்கு நான்காம் மட்டச் சான்றிதழ் இருக்கிறது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா நிலைகள், ஏழு பட்ட நிலை. நான்கைப் பெற்றவருக்கு அடுத்த படி எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். அதுவே பெரிய நிம்மதி.

கல்வி வழி போகிறவர்களுக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். அதன் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப்பருவக் கல்விக்கும் ஆரம்பக் கல்விக்கும் என்றே தனித் துறை உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். திருகோணமலையில் கற்கை நிலையமும் இருப்பதால் எல்லாவற்றுக்கும் கொழும்புப் பக்கம் நாவலையிலுள்ள தலைமையகத்துக்கு ஓட வேண்டியதில்லை. தபாலில் வரும் பாடநூலைத் தானே இருந்து வாசிக்கிற பழக்கம் வேண்டும். அது இல்லாதவர்கள் முதல் ஆறு மாதத்தில் களைத்துவிடுகிறார்கள். இரண்டு பேராகச் சேர்ந்து பதிவு செய்யுங்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் இழுத்துக்கொண்டு போவார்.

மொன்டிசோரி டிப்ளோமா இருந்தால் போதுமா?

மரியா மொன்டிசோரி 1907 இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கியவர். 1939 இல் சென்னைக்கு வந்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றினார். இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். அவருடைய முறை ஆழமானது. பிள்ளை தன் கையால் தொட்டு, ஊற்றி, அடுக்கி, தானே பிழை கண்டு திருத்திக்கொள்ளும் விதமாக ஒவ்வொரு சாதனத்தையும் அமைத்தார்.

ஆனால் அந்தப் பெயரை யாரும் தங்கள் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்று மாத வார இறுதி வகுப்பும் "மொன்டிசோரி டிப்ளோமா" என்றே விற்கப்படுகிறது. பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் எத்தனை நாள் பயிற்சி, யார் வந்து பார்த்து மதிப்பிடுவார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன். கையில் ஒரு சான்றிதழும் இல்லை. இனி முதலாம் வகுப்பிலிருந்தா தொடங்குவது?

வேண்டியதில்லை. என்.வி.கியூ. முறையில், அனுபவத்தால் பெற்ற திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. முழுப் பயிற்சிநெறியையும் பின்பற்றாமலே விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர்கள் சான்றிதழ்களையும் கடிதங்களையும் தொகுத்த உங்கள் கோவையைப் பார்ப்பார்கள், வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இதை விசாரிக்கலாம்.

இந்த வழியில் பலர் தடுக்கி விழுவது திறமைக் குறைவால் அல்ல, தாள் இல்லாததால். என் கதையையே சொல்கிறேன். நான் முதன்முதலில் வேலை செய்த முன்பள்ளியில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். நியமனக் கடிதம் கேட்டபோது, "எங்கள் பிள்ளைதானே நீ, உனக்கு எதற்குக் கடிதம்" என்று அன்போடு சொன்னார்கள். பிறகு நடத்தியவர்கள் ஊரை விட்டுப் போனார்கள், முன்பள்ளியும் மூடப்பட்டது. அந்த மூன்று ஆண்டுகளை உறுதிப்படுத்த இன்று என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அன்பு உண்மையானதுதான். ஆனால் அன்பை எந்த அலுவலகத்திலும் இணைப்பாகச் சேர்க்க முடியாது.

ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே திகதியிட்ட நியமனக் கடிதம் கேளுங்கள். ஆண்டு முடிவில் சேவைக் கடிதம் ஒன்று வாங்குங்கள். ஒருநாள் செயலமர்வு என்றாலும் சான்றிதழை வாங்கிக் கோவையில் போடுங்கள். பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் பெட்டியோடு போன சான்றிதழ்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். இப்போது கைபேசியில் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வைக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கோவையில் சான்றிதழைத் தவிர வேறு என்ன வைப்பது?

அவதானக் குறிப்பு. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முன்பள்ளி ஆசிரியர் ஒருவர் வளர்ந்திருக்கிறாரா என்பதை நான் பார்ப்பது அவருடைய அவதானக் குறிப்புப் புத்தகத்தில்தான்.

சல்லி என்ற கடலோரக் கிராமத்தின் பக்கத்தில் கடலுக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் வரும் ஒரு முன்பள்ளி. அங்கே புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் ஒரு பையனைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "கணிதத்தில் ஆர்வம் இல்லை. சொல் கேட்பதில்லை. எண்கள் தெரியாது." மூன்று வசனம், மூன்று தீர்ப்பு. பிள்ளை என்ன செய்தான் என்பது அதில் எங்கேயும் இல்லை.

நாங்கள் இருவரும் மறுநாள் காலை பாயின் ஓரத்தில் அமர்ந்து அவனை இருபது நிமிடம் பார்த்தோம். பிறகு அவரையே மீண்டும் எழுதச் சொன்னேன். இம்முறை எழுதியது இது: "9.10. சிப்பிக் கூடையைக் கவிழ்த்தான். பெரியது, சின்னது என்று இரண்டு குவியலாகப் பிரித்தான். நடுத்தரமான ஒன்றை எடுத்து இரண்டு குவியலிலும் வைத்துப் பார்த்தான். மூன்றாவது குவியல் தொடங்கினான். 'இது வித்துப் போட, இது கறிக்கு, இது அம்மம்மாவுக்கு' என்றான். பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்றை எடுத்ததும், எண்ணாமலே 'ஒன்று குறையுது' என்றான்."

எண்ணின் பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்கு வகைப்படுத்தத் தெரிந்திருக்கிறது, ஒப்பிடத் தெரிந்திருக்கிறது, தொகை மாறியதைக் கண்டுகொள்ளத் தெரிந்திருக்கிறது. மீன் பங்கு பிரிக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவனுக்கு அடுத்த நாள் என்ன கொடுக்க வேண்டும் என்று அந்த ஆசிரியைக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவராகவே தராசு ஒன்று கொண்டுவந்தார்.

உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்ன ஒரு கருத்து பயிற்சிப் புத்தகங்களில் எல்லாம் வரும். பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் தெரிந்தவர் ஒருவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள வெளிதான் கற்றல் நடக்கும் இடம் என்பார். அந்த வெளி ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கே தொடங்குகிறது என்பதைக் குறிப்பில்லாமல் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினால் போதும். நேரம், செயல், சொன்ன சொல். தீர்ப்பு வேண்டாம். ஓராண்டில் ஒரு கொப்பி நிறையும். நேர்முகப் பரீட்சையில் அந்தக் கொப்பியை மேசையில் வைத்துப் பாருங்கள்.

பெற்றோர் எழுதப் பழக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். விளையாட வைத்தால் வேறு முன்பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். என் தொழில் வளர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையத் தொடர்பு உண்டு. பெற்றோருக்கு விளக்கத் தெரிவது இந்தத் தொழிலில் பாதி. அதில் தேர்ந்தவர்கள்தான் பிறகு பயிற்றுவிப்பாளராகவும் மேற்பார்வையாளராகவும் போகிறார்கள்.

அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுவரை நீண்டு விழுகிறது. ஆனால் விரல் தசை பதமாகாத பிள்ளையைக் கோட்டுக் கொப்பிக்குள் அடைத்தால் பென்சிலை வெறுக்கத்தான் அது கற்கும். "விளையாட்டுதான் படிப்பு" என்று பெற்றோரிடம் வாயால் சொன்னால் எடுபடாது. காட்டுங்கள். மா பிசைவது, கயிற்றில் மணி கோர்ப்பது, துணி பிழிவது எல்லாம் எழுதப் போகிற அதே விரல்களுக்கான வேலை என்று, அவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்தே காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அவதானக் கொப்பியிலிருந்து அவர்கள் பிள்ளையைப் பற்றி அரைப் பக்கம் வாசியுங்கள். தன் பிள்ளை சொன்ன வாக்கியத்தை இன்னொருவர் அக்கறையாக எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்கும் தாயின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். பென்சில் கொடுப்பதில்லை. எங்கள் பெரியவர்கள் தொடக்கத்தை அப்படித்தான் வைத்தார்கள் என்று சொன்னால் பாட்டிமார் உடனே என் பக்கம் வந்துவிடுவார்கள்.

முன்பள்ளியிலிருந்து அரசாங்கப் பாடசாலை ஆசிரியராக மாறலாமா?

மாறலாம். பலர் மாறியிருக்கிறார்கள். இளம் வயதினருக்கு நேரான வழி தேசிய கல்வியியற் கல்லூரி. உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் வர்த்தமானி அறிவித்தல் வழியாக விண்ணப்பம் கோருவார்கள். வயதெல்லை உண்டு. இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படிப்பு, ஓராண்டு பாடசாலையில் படிப்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சி. ஆரம்பக் கல்விப் பிரிவை எடுத்தால் ஒன்றிலிருந்து ஐந்தாம் தரம்வரை படிப்பிக்கலாம். எங்கள் மாகாணத்திலேயே தாளங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. வவுனியாவும் கோப்பாயும் தூரமில்லை.

பட்டம் முடித்தவர்களுக்கு மாகாண ஆசிரியர் ஆட்சேர்ப்பு வரும்போது போட்டிப் பரீட்சை எழுதும் வாய்ப்பு உண்டு. முன்பள்ளியில் வேலை செய்தபடியே வெளிவாரியாகப் பட்டம் முடித்து இந்த வழியில் போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

அப்படிப் போகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். முதலாம் தரத்துக்குப் போனதும் முன்பள்ளியை மறந்துவிடாதீர்கள். முதலாம் தரத்தின் முதல் மாதத்தில் அழுகிற பிள்ளையை ஏன் அழுகிறது என்று புரிந்துகொள்ள உங்களைவிடப் பொருத்தமானவர் அந்தப் பாடசாலையில் இல்லை.

முன்பள்ளிக்கு வெளியே இந்தத் துறையில் என்னென்ன பதவிகள் இருக்கின்றன?

பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் பட்டம் வேண்டும். பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் கூடி வருகின்றன. வேலைக்குப் போகும் தாய்மார் நகரில் பெருகியிருப்பதால், ஒன்றரை இரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்க்கத் தெரிந்தவருக்குத் தேவை அதிகம். தொண்டு நிறுவனத் திட்டங்களில் கள உத்தியோகத்தர், பயிற்றுவிப்பாளர் வேலைகள் வரும். ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் எத்தனையோ திட்டங்கள் வந்து போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். போவதென்றால் அந்த இரண்டு மூன்று ஆண்டுச் சம்பளத்தில் ஒரு தகைமையை முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி. பேச்சுத் தாமதம், கேட்டல் குறைபாடு, ஓட்டிசம் ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே முதலில் கவனிப்பது பெரும்பாலும் முன்பள்ளி ஆசிரியர்தான். "ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று வீட்டில் தள்ளிப்போட்ட ஒரு பிள்ளையை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்று ஓர் ஆசிரியை மூன்று வாரக் குறிப்போடு வைத்தியரிடம் அனுப்பிவைத்தார். பரிசோதித்தபோது கேட்டலில்தான் குறை என்று தெரிந்தது. பிள்ளைக்குக் கேட்கும் கருவி கிடைத்தது. இந்தத் துறையிலும் திறந்த பல்கலைக்கழகம் கற்கைநெறிகள் நடத்துகிறது. தமிழ்மொழியில் இதைத் தெரிந்தவர்கள் கிழக்கில் போதாது. படித்தவரைத் தேடி வருவார்கள்.

சிங்களமும் ஆங்கிலமும் தேவையா?

ஆங்கிலம் மேற்படிப்புக்கு வேண்டும், வாசிக்குமளவுக்காவது. சிங்களத்தை நான் அதைவிடவும் வற்புறுத்துவேன். திருகோணமலை மூவினமும் கலந்து வாழும் மாவட்டம். சீனக்குடாவிலும் கந்தளாயிலும் நகரத்திலும் ஒரே வகுப்பில் இரண்டு வீட்டு மொழிகள் வந்து அமரும். அழுகிற பிள்ளையிடம் அதன் தாய்மொழியில் "தண்ணீர் வேண்டுமா, அம்மா வருவார்" என்று சொல்லத் தெரிந்தால் அந்தப் பிள்ளை உங்கள் மடிக்கு வந்துவிடும். பதவி உயர்வுக்கும் அது உதவும். அது இரண்டாவது காரணம்தான்.

சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

கூச்சப்படாதீர்கள். தனியார் துறைத் தொழிலாளருக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கிராமத்து முன்பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் கையில் கிடைப்பது அதன் பாதிகூட இல்லை. பிள்ளைக்குச் சில நூறு ரூபாய் மாதக் கட்டணம் வாங்கி, அதிலும் பாதிப்பேர் கட்ட முடியாமல் நிற்கும் ஊரில், நடத்துகிற சங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சின்னப் பிள்ளைகளின் கல்வியைத் தாய்மாரின் முடிச்சில் இருக்கும் சில்லறையில் விட்டுவிட்ட ஏற்பாடு பிழை. இதைச் சொல்லாமல் தொழில் வளர்ச்சி என்று பேசுவது நேர்மையாகாது.

வசதியுள்ள தனியார் முன்பள்ளியில் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதியைக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, நடத்துநர் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நடத்துநர் மட்டும் 3 வீதம். 30,000 ரூபாய்ச் சம்பளத்தில் மாதம் 6,000 ரூபாய் சேமலாப நிதியில் சேரும். ஆண்டுக்கு 72,000. சிறிய தர்ம நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்தமாக முன்பள்ளி தொடங்கலாமா?

தொடங்கலாம், அவசரப்படாமல். வேறொருவரின் முன்பள்ளியில் ஐந்து ஆண்டுகளாவது இருந்து, வரவு செலவையும் பார்த்த பிறகு. பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தில் பதிவு முதல் வேலை. கழிப்பறை, சுத்தமான குடிநீர், பூட்டக்கூடிய படலை, கிணறு இருந்தால் அதற்கு மூடி: இவை இல்லாமல் வர்ணம் பூசுவதில் காசைப் போடாதீர்கள். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்து, எப்போது அழைக்க வேண்டும் என்று உதவியாளருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஆண்கள் வரலாமா?

வரலாம், வரவேண்டும். பிள்ளைகளுக்கு அது நல்லது. ஊரார் கேட்பதற்கு உங்கள் வேலையே சில மாதத்தில் பதில் சொல்லிவிடும்.

கல்யாணம், பிள்ளைப்பேறு என்று ஆறு வருடம் விட்டுவிட்டேன். திரும்பி வர முடியுமா?

முடியும். உங்கள் வீட்டிலேயே ஆறு வருடம் ஒரு பிள்ளை வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். ஆனால் தாயாக இருப்பதும் ஆசிரியராக இருப்பதும் வேறு வேறு. இருபது பிள்ளைகளில் உங்கள் மனத்துக்குப் பிடிக்காத பிள்ளையையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். முதல் தவணை உதவி ஆசிரியராக நின்று, எந்த வயதில் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று சிறுவர் செயலகம் வெளியிட்ட விருத்தி நியமங்களைப் புதிதாக வாசித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் முன்பள்ளியில் நான் ஒருத்திதான். யாரிடமிருந்து கற்பது?

நானும் தனியாக இருந்தவள்தான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, அக்கரையில் நடக்கும் பயிற்சிக்குப் போவதென்றால் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டும். மழை நாளில் அது வராது. பயிற்சியும் போய்விடும். அப்போது நானும் பக்கத்து ஊர் ஆசிரியைகள் நான்கு பேரும் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவது என்று முடிவெடுத்தோம். ஒவ்வொருவரும் தன் கொப்பியிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றி வாசிக்க வேண்டும். மற்றவர்கள் ஆலோசனை சொல்லக் கூடாது. முதலில் கேள்விதான் கேட்க வேண்டும்: எங்கே இருந்தது, பக்கத்தில் யார், என்ன சொன்னது. ஒரு முறை நான் கோபக்காரப் பிள்ளை என்று கொண்டுபோன ஒன்றைப் பற்றி, "காலையில் சாப்பிட்டு வருகிறதா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் போய்ப் பிள்ளையிடமே கேட்டேன். சாப்பிட்டு வருவதில்லை.

அந்த ஐவரில் இருவர் இன்று அரசாங்கப் பாடசாலையில் இருக்கிறார்கள், ஒருவர் சொந்தமாக முன்பள்ளி நடத்துகிறார், ஒருவர் இன்னமும் அதே கிராமத்து முன்பள்ளியில் தன் முதல் மாணவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இப்போதும் கூடுகிறோம். கொப்பி இல்லாமல் யாரும் வருவதில்லை.